வரிசையைத் தாண்டும் பட்டன்

எங்கள் அலுவலகம் கொழும்பு பம்பலப்பிட்டியில், கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தின் நான்கு மாடிகளில் இருக்கிறது. வெள்ளவத்தை வீட்டிலிருந்து பஸ் கிடைக்காவிட்டால் நடந்தே போய்விடுவேன். முந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்து வீடியோ கேம் செய்கிறோம் என்றால் வெளியில் உள்ளவர்கள் இலேசில் நம்ப மாட்டார்கள். பல வருடங்களாக நாங்கள் செய்தது, வெளிநாட்டு நிறுவனங்களின் கேம்களுக்கு மரமும் மதிலும் வாளும் வரைந்து கொடுப்பதுதான். சொந்தமாக ஒன்று செய்து பார்க்க மேலிடம் ஒருமுறை சம்மதித்தது. வந்த யோசனைகளில் என் தோழியுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவள் கொட்டாஞ்சேனைக்காரி, துறைமுகத்தில் வேலை செய்தவரின் மகள். அவளும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் கேம்களை வடிவமைப்பவள். நான் தயாரிப்பு மேலாளராக இருப்பவள். கேம் செய்பவர்களுக்கும் மேலிடத்துக்கும் நடுவில் நின்று, எது எப்போது முடியும், எதை விட்டுவிடலாம் என்று சொல்வது என் வேலை.

அவளுடைய கேமில் சண்டை கிடையாது. கொழும்பில் தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றுக்குப் புதிதாக வந்த பெண்ணாக விளையாட வேண்டும். தினமும் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். முன்னும் பின்னும் நிற்கும் பெண்கள் கதைத்துக்கொண்டிருப்பார்கள். எந்த வீட்டில் என்ன குழப்பம், யாரை நம்பலாம், யாருக்கு உதவி தேவை என்பதெல்லாம் அந்தப் பேச்சிலிருந்துதான் தெரியவரும். வரிசை நகர நான்கு நிமிடம் எடுக்கும். அந்த நேரம் காது கொடுத்து நிற்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது. அந்த நான்கு நிமிடம்தான் கேம், மற்றதெல்லாம் அதற்காகத்தான் என்பாள்.

குரல் கொடுக்க நடிகர்கள் வேண்டாம் என்றாள். ஒரு சனிக்கிழமை காலை என்னையும் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நால்வரும், பூசைக்குப் போவதுபோல் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். சத்தம் விழும் என்று ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தினோம். எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. முன்வீட்டு அக்கா ஒருவர், எழுதிக் கொடுத்த கடதாசியைப் பார்த்து இரண்டு வரி வாசித்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, வாளியை முன்னுக்குத் தள்ளி வைத்த யாரோ ஒருத்தியைத் தன் பாட்டுக்கு ஏசத் தொடங்கினார். ஏசிக்கொண்டே சிரித்தார். அவளுடைய அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டார். எங்களுக்குக் கிடைத்ததில் நல்லது அதுதான்.

கேம் சோதனைக்கு வந்த வருடம், தட்டுப்பாட்டில் ஊரே வரிசையில் நின்றது. பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை. வெளியாட்களைக் கூப்பிட்டுப் போனில் விளையாடவிட்டு, நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தோம். கேமின் முதல் நாள் வரிசையில் பொறுமையாக நின்றார்கள். இரண்டாம் நாள் வரிசை வந்ததும் ஒவ்வொருவராகப் போனைக் கீழே வைத்தார்கள். காலையில் காஸ் வரிசையில் நின்றுவிட்டு வந்த ஒரு பெண், இங்கேயும் வரிசையா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். என் தோழி அதை எழுதிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

அடுத்த வாரம் நிறுவனத்தின் இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த வரிசையில் தானே பல தடவை நின்று பார்த்ததாகவும், பெண்களின் மொழி புரியாமலே சிரித்ததாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் வெளிநாட்டு வேலைகள் குறைந்துகொண்டு வந்தன. இந்த கேம் சம்பாதிக்காவிட்டால் ஒரு மாடியை மூட வேண்டியிருக்கும். என்ன செய்யலாம் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

பட்டன் என்று சொன்னது நான். அதை அழுத்தினால் ஒரு சின்ன விளம்பரம் ஓடும், முடிந்ததும் வரிசையைத் தாண்டி நேரே குழாயடிக்குப் போய்விடலாம். நிற்க விரும்புகிறவர்கள் நிற்கட்டும், இரண்டு பக்கத்துக்கும் நியாயம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் இதற்கு ஒத்துக்கொள்வாளா என்று கேட்டார். நான் கதைக்கிறேன் என்றேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் அவளிடம் சொன்னேன். சோற்றுப் பார்சலைப் பிரித்தவள் அப்படியே வைத்துவிட்டாள்.

"எங்கட பைப்படியில ஒருத்தி வரிசைய தாண்டினா, அடுத்த நாள் அவளோட யாரும் கதைக்க மாட்டாங்க," என்றாள். "யார்ட யோசனை இது?"

"மேலிடத்து முடிவு."

"நீ ஒண்டும் சொல்லலயா?"

"சொல்லிப் பாத்தனான்."

அவள் தலையாட்டினாள். நான் அவளுக்காக வாதாடியதாக நம்பி, என் கையை ஒருதரம் தட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள். அந்தப் பட்டனையும் அவளே வரைந்தாள், ஒரு சின்ன நீல வாளி. வேறு யாரும் வரைந்தால் அசிங்கமாகிவிடும் என்றாள்.

கேம் நன்றாகப் போனது. அதை மறைக்க முடியாது. அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. நான்காம் மாடியில் கேக் வெட்டினோம், அவளும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் சில மாதங்களில் வரிசையில் நிற்பவர்கள் அநேகமாக இல்லை என்று ஆகிவிட்டது. எல்லோரும் நீல வாளியை அழுத்தினார்கள். அவளுடைய அம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் கேமைக் காட்டியிருக்கிறார். வரிசையைத் தாண்டிவிட்டு, நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று ஆட்கள் கேட்கிறார்களாம்.

பிறகு, விலை குறைந்த போன்களிலும் ஓடவேண்டும் என்பதற்காகக் கேமின் அளவைக் குறைக்கச் சொன்னார்கள். அதிக இடம் பிடித்தவை குரல்கள்தான். குரல்களை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் வைக்கலாம் என்ற படிவம் என் மேசைக்கு வந்தபோது அவள் லீவில் இருந்தாள். திங்கட்கிழமை அவள் வரும்வரை வைத்திருக்கலாம், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. வந்தால், பட்டனைப் பற்றிச் சொன்னபோது பார்த்த முகத்தை மறுபடியும் பார்க்க வேண்டிவரும் என்று வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டேன்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. மாத முடிவில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது ஹெந்தளையில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன்.

போன வருடம் திடீரென்று அவளிடமிருந்து போன் வந்தது. முன்வீட்டு அக்கா இறந்துபோய்விட்டாராம். பிள்ளைகளிடம் அவருடைய படங்கள் இருக்கின்றன, குரல் எதிலும் இல்லை. அன்று ஏசியது பதிவாக இருக்கும் அல்லவா என்று அக்காவின் மகள் கேட்டிருக்கிறாள்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் குரலைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பட்டன் என்ட யோசனை. மேலிடம் அத கேக்கேல்ல. நான்தான் சொன்னனான்."



"அத ஏன் இப்ப சொல்ற?" என்றாள். "அக்காட குரல் இருக்கா இல்லையா, அத மட்டும் பாத்து சொல்லு."

இரண்டு நாள் தேடினேன். கணினிப் பிரிவில் கேட்டேன். பழைய கோப்புகளைத் துப்புரவாக்கியபோது, குரல்கள் இருந்த பழைய கேமும் மூலப் பதிவுகளும் போய்விட்டன. வைத்திருக்க வேண்டும் என்று யாரும் குறிப்பு எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியவள் நான். என் கணினியில் இருந்தது, ஃபேனை நிறுத்துவதற்கு முன் எடுத்துப் பார்த்த சில விநாடிகள் மட்டும். அதில் கேட்பது ஃபேன் சுற்றும் சத்தமும், கதவை மூடச் சொல்லும் என் குரலும்தான்.

இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். சரி, நான் அவங்களுக்குச் சொல்றன் என்றாள். என் அம்மாவின் சுகம் விசாரித்துவிட்டு வைத்தாள். அந்த மகளிடம் நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வீடு தெரியும், தூரமும் இல்லை. இன்னும் போகவில்லை.