நெஞ்சுக்குள்ள ஓடின மிசின்

டிக்... டிக்... டிக்...

சுவர் மணிக்கூடு இல்லை. என்ரை நெஞ்சு.

எண்பத்திநாலாம் ஆண்டு, வேலணையில எங்கட வீடு. பின்னேர வெய்யில். வேலிக்கு அங்கால தோட்டத்தில தண்ணி இறைக்கிற மிசின் டபடபவெண்டு ஓடுது. இஞ்சால கதிரையில நான். நெஞ்சுக்குள்ள இது ஓடுது.

எழுதப் படிக்க எனக்குப் பெரிசாத் தெரியாது. இப்ப மகள் போனில காட்டித் தந்தவள், கதைச்சா அது எழுதுமாம். கதைக்கிறதெண்டா எனக்கு ஆர் சொல்லித்தர வேணும்...

பல்லில தொடங்கின வருத்தம். கடைவாய்ப் பல்லு ஒண்டு பிடுங்கினனான். பிடுங்கின மனிசன் நல்லவர், பிடுங்கேக்கயே பகிடி விடுவார், வாயைத் திறந்துகொண்டு சிரிக்கவும் ஏலாது... சரி, அதை விடுவம். பிறகு காய்ச்சல் பிடிச்சுது. விட்டு விட்டு வரும். ஒருத்தர் மலேரியா எண்டார், ஒருத்தர் நெருப்புக்காய்ச்சல் எண்டார். கடைசியில பாத்தா இதயத்தில கிருமியாம். வால்வை அரிச்சுப்போட்டுதாம்.

கொழும்பிலதான் ஓப்பரேசன். தமிழரை அடிச்ச கலவரம் முடிஞ்சு ஒரு வருசம் ஆகேல்லை, கொழும்புக்குப் போக ஆருக்கு மனம் வரும்? போகாட்டிச் சாவு. போனனாங்கள்.

அங்க ஒரு தமிழ் டொக்டர் விளங்கப்படுத்தினவர். "தண்ணி மிசினில வால்வு இருக்கெல்லே? அது மாதிரித்தான். பழசைக் கழட்டிப்போட்டு உலோகத்தில ஒண்டு வைச்சிருக்கு. அதில ரத்தம் கட்டியாப் பிடிக்காமல் இருக்க, இந்தக் குளிசையைச் சாகுமட்டும் போட வேணும்."

வீட்டை வந்தாச்சு. பாரம் தூக்கக் கூடாது. சைக்கிள் ஓடக் கூடாது. கிணத்தடிப் பக்கமே போகக் கூடாது.

எனக்கெண்டா ஒரு இடத்தில இருக்கேலாது. அம்மா சொல்லுவா, பிறக்கேக்கயே ஓடிக்கொண்டு வந்தவன் எண்டு. வாசல் படலைக்கும் குசினிக்கும் நடை. புகையிலை முழங்காலளவுக்கு நிக்குது, தண்ணி விடுற காலம்... கால் உளையுது, கை உளையுது. எல்லாத்துக்கும் மேல இந்தச் சத்தம். இருந்தாலும் டிக், படுத்தாலும் டிக். பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணை படலையில நிண்டு கேப்பார், "என்ன காணும், இண்டைக்குச் சாவி குடுத்தாச்சோ?"

என்ரை மனிசி தவமணிதான் அப்ப தோட்டம் பாத்தவ. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே மிசினை ஸ்டார்ட் பண்ணுவா. நான் வேலியால எட்டிப் பாத்துக் கத்துவன்.

"தண்ணியை அடுத்த வாய்க்காலுக்குத் திருப்பும்!"

"நீங்கள் போய் இருங்கோ! முதல் உங்கட மிசினைப் பாருங்கோ!"

மாமி, தவமணியின்ர தாய், புங்குடுதீவில இருந்து வந்து நிண்டவ, என்னைப் பாக்க. வரேக்க கடகம் நிறைய முருங்கை இலை. "பிள்ளைக்கு எவ்வளவு ரத்தம் போயிருக்கும்... ஊற வேணுமெல்லோ." மத்தியானம் முருங்கை இலை வறை. அடுத்த நாள் பொன்னாங்காணி. இடையில வல்லாரைச் சம்பல். மாமி சமைச்சா ருசி வேற, அதுவும் சொல்ல வேணும். பாக்க வந்த சனமும் ஆளுக்கொரு கட்டு இலை கொண்டு வந்ததுகள். எங்கட பக்கத்தில வருத்தக்காரன் வீட்டுக்கு வெறுங்கையோட போறேல்லை.

கொஞ்ச நாளால சத்தம் மங்கிப்போச்சு.

எனக்கெண்டா சந்தோசம்! உடம்போட சேந்திட்டுது, சுகமாயிட்டுது எண்டு நினைச்சன். மாமியும் "பாத்தியளே, இலை செய்த வேலை" எண்டா. கொஞ்சம் மூச்சு வாங்கினதுதான். இருந்து இருந்து பழகின உடம்பு, அதுதான் எண்டிட்டு, சைக்கிளைத் துடைச்சு வைச்சன், நாளைக்குத் தோட்டம் போவம் எண்டு.

தவமணி தோட்டத்தால வந்து தண்ணி குடிச்சவ, செம்பைப் பிடிச்சபடி நிண்டிட்டா.

"ஏன் சத்தம் கேக்கேல்லை?"

"நல்லதுதானே!"

கிட்ட வந்து நெஞ்சில காதை வைச்சா. முகம் மாறிப்போச்சு.

"இஞ்சாருங்கோ, கிணத்துக்குள்ள வால்வில கஞ்சல் அடைச்சா மிசின் இப்பிடித்தான் மங்கலா ஓடும். பேந்து நிண்டிடும். வெளிக்கிடுங்கோ."

"உமக்கு விசரோ?"

"வெளிக்கிடுங்கோ எண்டிறன்!"

கந்தையா அண்ணை ஓடிப்போய்க் கார் பிடிச்சார். பகிடி ஒண்டும் விடேல்லை. பண்ணைப் பாலத்தில ஆமி மறிச்சுது. சேட்டைத் திறந்து தையலைக் காட்டினன். போ எண்டு கையைக் காட்டினவன்.

யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரி டொக்டர் குழலை வைச்சுக் கேட்டவர், குழலை எடுக்கவே இல்லை. "என்ன சாப்பிடுறனீர்?" மாமி பெருமையா ஒண்டொண்டாச் சொன்னா.

"அம்மா, நாங்கள் ரத்தத்தை இளக்கக் குளிசை குடுக்கிறம். நீங்கள் ஒவ்வொரு நாளும் இலையைக் குடுத்து இறுக்குறியள். வால்வில கட்டி பிடிக்குது."

கொழும்பில சொல்லியிருப்பினம். வெளிக்கிடேக்க நேர்சுமார் சிங்களத்தில சொன்னதில பாதி எங்களுக்கு விளங்கேல்லை.

மாமி நிலத்தில குந்திட்டா. "என்ரை பிள்ளையின்ர தாலியில நானே கை வைக்கப் பாத்தனே..."

ஊசி ஏத்தினாங்கள். தப்புமோ எண்டு கேட்டா, பொறுத்துப் பாப்பம் எண்டினம். முந்தி அந்தச் சத்தம் எப்ப நிக்கும் எண்டு கிடந்தவன், இப்ப எப்ப வரும் எண்டு கிடக்கிறன். தவமணி குனிஞ்சு குனிஞ்சு காதை வைப்பா, தலையை ஆட்டிப்போட்டு நிமிருவா.

ஒரு காலமை காதை வைச்சவ எடுக்கேல்லை. என்ரை சேட்டு நனையுது.

"மிசின் தண்ணி பிடிச்சிட்டுது" எண்டா.

இப்ப கனடாவில இருக்கிறம். குளிசைக்கு ரத்தம் சோதிக்க விரல் நுனியில ஒரு குத்து, நம்பர் வந்திடும். முருங்கை இலை ஐசுப் பெட்டியில பைக்கற்றா விக்கினம். அளவாத்தான் சாப்பிடுறது. மாமியும் இல்லை, கந்தையா அண்ணையும் இல்லை. நான் இப்பவும் அப்பிடித்தான், குசினிக்கும் கதவுக்கும் நடை. வெளியில பனி, எங்க போறது...

தவமணிக்கு இப்ப காது கேக்காது. காதுக்கு மிசின் வாங்கிக் குடுத்தும் போடமாட்டா. காலமை தேத்தண்ணி தரேக்க, மற்றக் கையை என்ரை நெஞ்சில வைப்பா.

"நில்லுங்கோ கொஞ்சம்."

அந்த நேரம் மட்டும்... நான் அசையாமல் நிக்கிறனான்.