சத்தமில்லாத காரில் ஒரு ரேடியோ

போன வாரம், கொட்டுகிற மழையில், பதுளை ஆஸ்பத்திரிக்கு எதிரே என் கார் செத்துப்போனது. மின்சாரக் கார். வந்து நிறுத்தியபோது சார்ஜ் எண்பது சதவீதம் என்று காட்டியது. எண்பது! ஆனாலும் ஹார்ன்கூட முனகவில்லை.

யார் பார்த்த வேலை? வேறு யார்… நான்தான்.

இந்தக் காரில் எனக்குப் பிடித்ததே அதன் அமைதி. ஸ்பிரிங்வெளிப் பக்கம் பனிமூட்டத்துக்குள் நுழைந்தால், நாம் போகிறோமா, தேயிலை மலைதான் நம்மைக் கடந்து போகிறதா என்று மயக்கமாக இருக்கும். அந்த அமைதிக்குள், போனும் டவரும் இல்லாமலே ஊருக்கு ஊர் பேசுகிற என் ஹாம் ரேடியோவைப் பொருத்தினால்? காற்றில் அலைகிற குரல்களைப் பிடிக்க இதைவிட நல்ல இடம் உண்டா? இப்படிக் கனவு கண்டேன்.

முதல் நாளே கலைந்தது. காரை ஆன் செய்தால் ரேடியோவில் ஒரே 'கர்ர்ர்'! நம் காதுக்கு எட்டாத சத்தமெல்லாம் ரேடியோவுக்கு எட்டுகிறது. மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் பெட்டியின் சேட்டை அது. வயரில் காந்த வளையங்களை மாட்டினேன், பாதி அடங்கியது. மீதிக்கு ஒரே வழி, காரை ஆஃப் செய்துவிட்டுப் பேசுவது.

அடுத்தது கரண்ட். காரை ஓட்டுகிற பெரிய பேட்டரியில் கை வைக்கக் கூடாது, ஆளையே கொன்றுவிடும். ரேடியோவுக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும். அதற்குக் காரின் முன்பக்கம் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது; ஹார்ன், விளக்கு, காரை எழுப்புவது எல்லாம் அதன் வேலை. பஜாரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஃபரீத் நானா அன்றைக்கே சொன்னார்.

"தம்பி, ரேடியோவுக்கு வேறயா ஒரு பேட்டரி வைங்க. கார்ட பேட்டரில கை வெக்க வாணாம்."

கேட்டேனா? "நானா, வியாபாரத்துல நீங்க கெட்டி" என்று கிண்டலடித்துவிட்டு வந்தேன். பழைய வேன்களில் செய்வதுபோல, இரண்டு வயரையும் நேராக அந்தச் சின்ன பேட்டரியிலேயே முறுக்கினேன். அங்கேதான் பிழை. இந்தக் காரில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கிறது. வாசலில் நின்று போவதையும் வருவதையும் பார்க்கிற தோட்டத்து வாட்ச்சர் மாதிரி. வயரைக் காரின் பாடியில் மாட்டியிருந்தால் அதன் கண்ணில் பட்டிருக்கும். நானோ பின்வாசலால் கொண்டுபோனேன்! ரேடியோ குடித்த கரண்ட் காருக்குத் தெரியவே இல்லை. தெரியாததைப் பெரிய பேட்டரியிலிருந்து எடுத்துத் திரும்ப நிரப்புமா?

சரி, மழை நாளுக்கு வருகிறேன். நமுனுகுலத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற செல்வம் மாஸ்டரும் என்னைப் போல லைசென்ஸ் எடுத்த ஹாம் பைத்தியம். மனைவி விஜயாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, உடுப்பு எடுத்துவர மலைமேல் வீட்டுக்குப் போனார். போன கையோடு மண் சரிந்து ரோடு அடைபட்டது. மலையில் போன் டவரும் படுத்துவிட்டது. இதற்கு முன் இரண்டு தடவை வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் அவர்கள். மனுஷன் என்ன பாடுபட்டிருப்பார்!

அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு எதிரே காரை நிறுத்தி, ஆஃப் செய்து, ரேடியோவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை அவர் குரல் வரும்.

"அண்ணே, ஏதும் தகவல் இருக்குங்களா? ஓவர்."

"இன்னும் இல்லீங்க மாஸ்டர். ஓவர்."

மறுபடியும் 'ஸ்ஸ்ஸ்…' என்ற இரைச்சல். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஊரே கரைந்துவிட்டது. கேட்பது மழையா, ரேடியோவா? தூக்கமுமில்லை, விழிப்புமில்லை. எங்கோ ஒரு மலையையும் ஒரு வார்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் மிதக்கிற மாதிரி இருந்தது.

கதவைத் தட்டினாள் விஜயாவின் தங்கை சாந்தி. குடைகூட இல்லை.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க! அக்காவும் புள்ளையும் நல்லா இருக்காங்க!"

மைக்கைப் பாய்ந்து பிடித்தேன். "மாஸ்டர், பொம்பளப் புள்ள பொறந்திருக்கு! அம்மாவும்…"

விளக்கு அணைந்தது. ரேடியோ செத்தது. காரும்தான்.

அம்மாவும்… என்ன? மலைமேல் ஒரு மனிதர் அந்த வாக்கியம் முடியக் காத்துக்கொண்டு நிற்கிறார்! அறிவு கெட்டவனே, நல்லா இருக்காங்க என்பதை முதலில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

வாசலில் நின்ற நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். "செகண்ட் கியர்ல போடுங்க சேர், தள்ளிவிடுறோம்!" தங்கமான மனசு. ஆனால் கியரே இல்லாத காரை எங்கே தள்ள?

நல்லவேளை, டவுனில் போன் வேலை செய்தது. நானாவுக்கு அடித்தேன். பத்தே நிமிஷத்தில் திரீவீலரில் வந்து இறங்கினார், மடியில் ஒரு பேட்டரியோடு. 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். என் வயர்களைக் கழற்றி, புது பேட்டரியில் மாட்டினார். ரேடியோ கண் விழித்தது.

"பேசுங்க தம்பி. காரைப் பொறகு பாப்பம்."

"மாஸ்டர், அம்மாவும் நல்லா இருக்காங்க! புள்ளையும் நல்லா இருக்கு! ரெண்டு பேரும் சுகம்! ஓவர்."

மாஸ்டர் மைக் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தார் போல. தகரக் கூரையில் மழை விழுவது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அந்த மழைக்குள் ஒருவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. என் கண்ணும் நிறைந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்?

பிள்ளையின் நிறை, பிறந்த நேரம், யார் ஜாடை… எல்லாம் கேட்பார் என்று சாந்தியிடம் விசாரித்துத் தயாராக இருந்தேன்.

"அண்ணே… விஜயா ஏதாச்சும் சாப்டுச்சான்னு கேளுங்க."

சாந்தி அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "இப்பத்தான் தேத்தண்ணி குடிச்சாங்க. புள்ளையப் பாத்துட்டு அக்கா மொதல்ல கேட்டதே, 'அவரு சாப்டாரா'ன்னுதாங்க."

இத்தனை வயரும் வோல்ட்டும் எதற்காம்? சாப்பிட்டாயா என்று கேட்கத்தான்!