இரண்டு மணிக்கட்டும் ஒரு மீன் சந்தையும்

வாசனை விற்பவனுக்கு ஒரு மூக்கு போதும்; பக்கத்தில் அதைவிட நல்ல மூக்கு ஒன்று நிற்கும்போதுதான் தொழில் கசக்கிறது. கடையில் நின்று கால் கடுத்த நண்பர்களே, உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். தீவில், ஜங்லிகாட் சென்ட் கடையில் எனக்கு வாய்த்த சக விற்பனையாளர் ஆரோக்கியம்.

வெட்டிவேரா, சந்தனமா?

கார் நிக்கோபாருக்கு மாற்றலான ஓர் அதிகாரி, தமக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே சென்ட் பாட்டில் கேட்டார். இருபாலரும் பூசக்கூடியவை எங்களிடம் இரண்டு: ஒன்று வெட்டிவேரும் எலுமிச்சையும், மற்றது சந்தனமும் மிளகும். காகிதத் துண்டுகளில் தெளித்து, முதலில் எழும் மணம், நடுவில் நிற்பது, கடைசியில் தங்குவது என முறையாக விளக்கினேன். வெட்டிவேரே நாகரிகம் என்று தீர்ப்பளித்துவிட்டு, அகில், புனுகு வரை போய்விட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், நாளைக்குக் கப்பல்."

ஒரு ரவுண்டு

ஆரோக்கியம் மீனவக் குடும்பம்; விளக்கமெல்லாம் கிடையாது. அதே அதிகாரியின் இடது மணிக்கட்டில் வெட்டிவேரையும் வலதில் சந்தனத்தையும் தெளித்து, மீன் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். ஏசியில் எல்லாமே மணக்கும். தீவு வியர்வையிலும் மீன் கவிச்சியிலும் தாக்குப்பிடிப்பதே உடம்புக்கு ஒட்டும் என்பது அவர் சித்தாந்தம். அரைமணியில் திரும்பியவர் சந்தனத்தை வாங்கிக்கொண்டு, போகிறபோக்கில் எனக்கு ஆறுதலும் சொன்னார்.

"நீங்க சொன்னதும் நல்லாத்தான் இருந்துச்சு, ஐஸ் உடைக்கிற இடம் வரைக்கும்."

வீட்டு மூக்கு

கல்யாண நாளுக்கு எங்கள் இருவருக்குமாக ஒரு பாட்டில் வாங்க என் மனைவி வசந்தி வந்தாள். ஊரார் போகட்டும், வீட்டு மூக்காவது என் பக்கம் நிற்க வேண்டாமா? நான் நீட்டிய காகிதத்தைத் தாண்டிப் போய் ஆரோக்கியத்திடம் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவரும் தங்கச்சி, தங்கச்சி என்று தெளித்து அனுப்பினார். அந்த அரைமணியில் நான் இரண்டு பேருக்குத் தப்பான பாட்டிலைக் கட்டிக் கொடுத்தேன்.

திரும்பியவள் யோசிக்காமல் சந்தனத்தைக் காட்டினாள். ஆரோக்கியம் தினமும் பூசுவதும் அதுதான். எனக்குக் காது சுட்டது. வெட்டிவேருக்கு என்ன குறை என்று கேட்டேன்.

"குறையில்லங்க. ஆனா இதுதானே உங்க வாசனை. ரெண்டு வருஷமா சாயங்காலம் இதோடதானே வீட்டுக்கு வர்றீங்க?"

தினமும் ஆரோக்கியத்தின் ஸ்கூட்டரில் அவர் முதுகை ஒட்டி உட்கார்ந்து வீடு திரும்புகிற எனக்கு, இனி அவர்மேல் பொறாமைப்பட உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் படுகிறேன்.