பொட்டு வைத்த பிளொப்பி

வெள்ளவத்தையில், கடலில் போய் முடியும் ஒழுங்கையொன்றில் அந்த அன்ரியின் வீடு. மகன் இருபது வயதில் காய்ச்சலில் இறந்துபோனவன். அவன் பாவித்த வீட்டுக் கணினியும் ஒரேயொரு பிளொப்பித் தட்டும் மிச்சம். பிளொப்பி பழுதாகிப் போகுமுன் இன்னொன்றில் பிரதி எடுத்துத் தரச் சொல்லி, பழைய கணினிகள் திருத்தும் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

முதலில் அதை ஓட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்க் கேள்வி திரையில் வந்தது: "அம்மா, சாப்பிட்டீங்களோ?" அன்ரி ஒரு விசையை அழுத்தினார். "நல்லது" என்றது. மத்தியானம் வகுப்பால் வந்ததும் மகன் இதைப் போட்டுவிட்டுத்தான் தன்னைக் குசினியிலிருந்து கூப்பிடுவான் என்றார்.

அந்த நிமிடம் மகன் எழுதிய அந்த நிரல் முழுதாகக் கணினியின் நினைவகத்தில் இருந்தது. அதை மட்டும் புதுப் பிளொப்பியில் சேமித்திருந்தால் போதும். தட்டில் வேறு ஏதும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. "முழுத்தட்டையும் எடுத்துத் தாறன் அன்ரி" என்று சொல்லி, பிரதியெடுக்கும் நிரலை ஏற்றினேன். நினைவகத்தில் இருந்தது அழிந்தது.

அந்தக் கணினிக்குத் தட்டுப் போடும் வாய் ஒன்றுதான், நினைவகம் என்ற வயிறும் சின்னது. பழைய தட்டில் ஒரு கவளம் வாசிக்கும், பிறகு புதுத்தட்டைக் கேட்டு அதில் எழுதும். இப்படி ஆறு தரம் மாற்றி மாற்றிப் போடவேண்டும். இரண்டு தட்டும் கறுப்பு. பழையதன் லேபல் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அதன் ஓரப் பள்ளத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டினால் யாராலும் அதன்மேல் எழுத முடியாது. நான் ஒட்டவில்லை.

கை கழுவிவிட்டு வந்தபோது அன்ரி இரண்டையும் சாமிப் படத்தடியில் வைத்து எடுத்து வந்திருந்தார். ஒன்றில் சந்தனப் பொட்டு. புதுச் சாமான் என்றால் பொட்டு வைப்பதுதானே. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என் முதல் கொப்பிக்கே அம்மா பொட்டு வைத்துத்தான் தந்தார். நான் யோசிக்கவேயில்லை. புதுத்தட்டைக் கேட்ட போதெல்லாம் பொட்டு வைத்ததைப் போட்டேன்.

மூன்றாம் தரம் பக்கத்தில் இருந்த அன்ரி மெதுவாகச் சொன்னார்.

"பொட்டு வச்சதிலதான் பிள்ளை இருக்கிறான். பார்த்துப் போடுங்க தம்பி."

அப்போதுதான் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்த மகனின் படத்தைப் பார்த்தேன். அதன் நெற்றியிலும் அதே சந்தனம், ஈரம் காயாமல்.

தட்டை இழுத்தெடுத்தேன். எழுதும்போது எரியும் விளக்கு அதற்கிடையில் அணைந்திருந்தது. திரும்பத் திரும்பத் தேடினேன். அந்தக் கேள்வி இருந்த இடத்தில் புதுத்தட்டின் வெறுமைதான் இருந்தது.

மறைக்க மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை, அழவும் இல்லை. மூன்று வரிதான் அன்ரி, அதே கேள்வியை இப்பவே நான் எழுதித் தருகிறேன் என்று விசைப்பலகையில் கை வைத்தேன்.

"வேண்டாம் தம்பி" என்றார். "அப்ப கேக்கிறது நீங்களாத்தானே இருக்கும்."