தெளுவும் தெளிவும்

பனை எங்கள் வரப்பில் நின்றது. ஏறுவதும் எங்கப்பன், இறக்குவதும் எங்கப்பன். அதிலிருந்து என்ன குடிக்கலாம் என்று சொல்ல மட்டும் ஜீப்பில் ஒருத்தர் வரவேண்டியிருந்தது. பெரிய அரசாங்கம்!

மலையாள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ் பேசும் நாங்கள் பதநீரைத் தெளுவு என்போம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாவிட்டால் கள்ளு. கள்ளுக்கு லைசென்ஸ் வேண்டும். அப்பனுக்கு வயிற்றுப்புண். விடிந்ததும் ஒரு சொம்பு தெளுவு உள்ளே போனால்தான் மனுசன் நிமிர்ந்து நடப்பார்.

ஒரு நாள் காலையில் எக்சைஸ் அதிகாரி வந்து இறங்கினார். எங்கள் ஊரில் சம்பளம் வாங்குவார், தமிழில் பேசினால் மட்டும் நாக்கு தேய்ந்துவிடும். கள்ளு இறக்குகிறாயாமே என்று மலையாளத்தில் மிரட்டினார்.

"கள்ளில்லீங்க, சுண்ணாம்பு போட்டதுங்க" என்றார் அப்பன்.

"தெளிவுண்டோ?"

மலையாளத்தில் தெளிவு என்றால் அத்தாட்சி. அஞ்சாவது வரை மலையாளப் பள்ளிக்கூடம் போன எனக்குத் தெரியும், அப்பனுக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லாமயாங்க? இருங்க" என்று உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தெளுவு கொண்டுவந்து நீட்டிவிட்டார்.

துரை ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சொம்பு கேட்டு அதையும் குடித்தார். அப்புறம் அதிகாரிக்கே கள்ளு கொடுத்து மயக்கப் பார்த்தான் என்று எழுதினார். அந்தக் கள்ளைக் குடித்தவர்தான் ஜீப்பு ஓட்டிக்கொண்டு போனார். அதை எழுதவில்லை, வெட்கங்கெட்ட மனுசன்.

அப்பனையும் அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் எக்சைஸ் ஆபீசில் ரெண்டு நாள் உட்காரவைத்தார்கள். மலையாளக் காகிதம் ஒன்றில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வீட்டில் நான் படித்துச் சொன்னேன். அனுமதியில்லாமல் மரத்தில் கலயம் கட்டமாட்டேன் என்று இருந்தது.

"அனுமதி கேட்டு எழுதிப் போடலாங்கப்பா. நான் எழுதறேன்" என்றேன்.

"என்ர வயித்துக்கு என்ன ஊத்தறதுன்னு அவனுகளை நான் கேக்கோணுமா?" என்றார். கோடாலியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போனார். அம்மா கையைப் பிடித்துப் பார்த்தாள், உதறிவிட்டார்.

மரம் விழுந்த மத்தியானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். நான் அந்தக் காகிதத்தை மறுபடியும் எடுத்து மூணு தடவை படித்தேன். மரத்தை வெட்டச் சொல்லி அதில் ஒரு வரிகூட இல்லை.