மகள் வாசித்துக் காட்டிய புத்தகம்

ஜெபத்தில் என்னை மிஞ்ச எங்கள் சபையில் ஆள் இல்லை என்று சொல்வார்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் நான். ஆனால் வாயைத் திறந்து ஜெபிக்க ஆரம்பித்தால் காலேஜ் படித்த பெண்கள்கூட அசையாமல் கேட்பார்கள்.

அப்போது கோவில்பதாகையில் குடியிருந்தோம். எண்பதுகளின் கடைசி. வீட்டுக்காரருக்கு ஆவடியில் ஷிப்டு வேலை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. ஒரே மகள், கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். பத்தாவது படிக்கும்போது அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சண்டை போட்டு நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சாப்பிட்டாயா என்றால் ஒரு ‘ம்’. பரீட்சை எப்படி என்றால் எழுதினேன். அவ்வளவுதான். சாயங்காலம் மூன்று பேரும் பாயில் முட்டிபோட்டுக் குடும்ப ஜெபம் பண்ணுவது எங்கள் வழக்கம். அதற்கு மட்டும் வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இருப்பாள். பிறகு அதற்கும் வரவில்லை. தலைவலி என்றாள். படிக்கணும் என்றாள்.

நான் என்ன செய்தேன்? இன்னும் சத்தமாக ஜெபித்தேன். இருந்தது ஒரே அறை. நடுவில் பழைய புடவை ஒன்றைக் கட்டி மறைத்திருந்தோம். அதற்கு அந்தப் பக்கம் அவள் காதில் விழட்டும் என்றே ஜெபித்தேன். “ஆண்டவரே, இந்தப் பிள்ள கண்ணாடி முன்னாடி நிக்கிற நேரத்துல பாதி நேரம்கூட உம்ம சமூகத்துல நிக்கல. பொய் பேசுது. பெத்தவள மதிக்கல. நீரே பாரும்.” பிள்ளையிடம் நேராகச் சொல்ல முடியாததை, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வது எங்கள் வீடுகளில் புதிதில்லை. என் அம்மா என்னைப் பற்றி அப்படித்தான் ஜெபித்தாள். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னால், வயசு அப்படி, விட்டுவிடு என்பார். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவார்.

கடைசியில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்த பிறகு பாஸ்டரம்மாவிடம் போய் நின்றேன். அவர் தெற்கத்திக்காரர், பொறுமையாகக் கேட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்தார். கிறிஸ்தவத் தகப்பன் தாய்மார் பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று அதில் எல்லாம் இருக்கிறதாம். படித்துவிட்டு அடுத்த மாதம் சங்கத்தில் நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்.

எனக்குப் படிக்க வராது என்று சொல்ல வாய் வரவில்லை. கோயிலில் வேதாகமத்தை விரித்து, பக்கத்திலிருப்பவள் எவ்வளவு தள்ளுகிறாளோ நானும் அவ்வளவு தள்ளி, இருபது வருஷம் ஓட்டியவள் நான். எழுத்துக் கூட்டுவேன். வரி முடிவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும்.

அந்தப் புத்தகத்தை ஒரு வாரம் அரிசி டப்பாவின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டில் கொடுத்தால் விஷயம் தெருவுக்குப் போய்விடும். வேறு வழி தெரியாமல் மகளிடமே நீட்டினேன். சங்கத்தில் பேச வேண்டியிருக்கிறது, கொஞ்சம் வாசித்துக் காட்டு என்றேன்.

அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “இது எனக்கா, உனக்கா?”

“எனக்குத்தான்.”

“அப்போ உக்காரு.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு ஆன பிறகு வாசிப்பு. முதல் வாரம் வந்ததெல்லாம் ஆதாம், ஏவாள், காயீன். எனக்குக் கொட்டாவி வந்தது, அவளுக்கும் வந்தது. இரண்டாவது வாரம், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலில் வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது, முதலில் சாப்பிடக் கொடுக்க வேண்டும் என்று வந்தது. நல்ல புத்தகம் என்று நினைத்தேன். அந்த வாரம் நான் வேலை முடிந்து வந்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் தட்டை வைத்தேன். வியாழக்கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டே அவளாகப் பேசினாள்.

“எங்க கணக்கு டீச்சருக்கு மீச கீதும்மா.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவளைத் தொட்டேன் என்று பிற்பாடுதான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பிள்ளைகளுடைய குற்றங்களை அவர்கள் காதில் விழும்படி ஜெபத்தில் சொல்லக் கூடாது, அது அவர்களை நடுத்தெருவில் நிறுத்தி அடிப்பதற்குச் சமம் என்றாள்.

“அப்டியா போட்டுகீது?”

“போட்டுகீதும்மா.” சட்டென்று பக்கத்தைத் திருப்பினாள்.

எனக்கு ரோஷம் வந்தது. என் ஜெபத்தையே குறை சொல்ல இந்தப் புத்தகம் யார்? ஆனாலும் அச்சில் வந்ததை மீற எனக்குத் தைரியம் கிடையாது. அன்று சாயங்காலம், இந்தப் பிள்ளைக்காக ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மறுநாள் அவள் புடவை மறைப்பை விலக்கிக்கொண்டு வந்து, பாயின் ஓரத்தில் முட்டிபோட்டாள். சுவரைப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்றேன். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் சொல்லியிருக்கிறது என்று, சாப்பாட்டைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் மகள் வாசித்த இரண்டையும் எடுத்துச் சொன்னேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்டரம்மா முகம் மாறியது.

“எந்தப் பக்கத்துலம்மா போட்டிருக்கு? நான் நாலு தடவ வாசிச்சிருக்கேன். அடிச்சு வளங்கன்னுல்லா அதுல இருக்கு.”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அக்கா தூக்கத்துல படிச்சிருப்பாங்க” என்றாள். சிரித்தார்கள். என் கண்ணாடியை மாற்ற வேண்டும், சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. அதுவும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்டரம்மா சொன்னது உண்மைதான். மகள் கல்யாணமாகி முகப்பேருக்குப் போன பிறகு, தொண்ணூறுகளில், ஒரு மழைக்காலம் முழுக்க எழுத்துக் கூட்டி அந்தப் புத்தகத்தை வாசித்து முடித்தேன். பிரம்பைப் பற்றி இருக்கிறது, ஓய்வுநாளைப் பற்றி இருக்கிறது. பேசாமல் போன பெண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அன்று சங்கம் முடிந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மகளைக் கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தாயை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தாயே என்று. வாசலுக்கு வந்தபோது அந்தக் கோபம் இல்லாமல் போயிருந்தது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“சங்கத்துல இன்னா சொன்னாங்க?”

“நல்லாருந்துச்சின்னாங்க” என்றேன்.

தெரியாததுபோல் இருந்துவிட்டால் அவள் தொடர்ந்து வாசிப்பாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் பின்வரிசைக்காரியின் பெண் இவள் வகுப்பில் படித்தாள். திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இவள் அதை என்னிடம் சொல்லவில்லை. வந்து நின்ற முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் உட்கார்ந்தேன். புத்தகத்தை எடுத்து வந்தாள், நடுவில் பிரித்தாள், மூடினாள்.

“முடிஞ்சிடுச்சிம்மா.”

“இன்னும் பாதி கீற மாரி தெரியுதே.”

“அதெல்லாம் வெறும் பாட்டு.”

இதில் இல்லாததையே படி, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை என் பிள்ளையிடம் என் வாயாலேயே ஒத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது எப்போதோ தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருந்தும் வரவில்லை.

“படிச்ச வரைக்கும் போதும்” என்றேன்.

புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் தளும்பத் தளும்பக் குடத்தோடு வந்து, ஒரு கை கொடு என்றாள். எழுந்துபோய்ப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அதை இறக்கி வைத்தோம். அவள் சிந்திய தண்ணீரைத் துடைக்கப் போனாள்.