மைனியின் தும்பைக்கு நான் போட்ட கோடு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பழைய வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருக்கிறது. புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையில் ஆளுக்கொன்று எடுப்போமே, அந்த வருஷத்துக்கு நமக்கென்று கிடைத்த வசனம் அச்சிட்ட அட்டை, அதுதான். வருஷம் முடிந்ததும் மற்ற அட்டைகள் எல்லாம் வேதப்புத்தகத்துக்குள் போய்விடும். இது மட்டும் கதவிலேயே நிற்கிறது. வசனத்துக்கு மேலே ஒரு தும்பைச் செடி. வீட்டுக்கு வருகிறவர்கள் ‘நல்லா இருக்கே, யாரு வரஞ்சது’ என்று கேட்பார்கள். மைனி என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவேன். வரைந்தது மைனிதான். அதைக் கெடுத்தது நான் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

மைனி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. மஸ்கட்டில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆகி, நெய்யூர் பக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே வீடு கட்டி வந்தவர்கள். வந்து கொஞ்ச காலத்திலேயே அண்ணன் போய்விட்டான். அதன் பிறகு மைனி ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குக்கூட வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பாஸ்டர் வந்து ஜெபித்தார், நான் திட்டினேன், மகன் வெளிநாட்டிலிருந்து போனில் அழுதான். ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் அவர்களை வாசலுக்கு இறக்கியது ஒரு பெயிண்ட் பெட்டி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். போனில் ஏதோ வீடியோ பார்த்து, பேனாவால் கோடு போட்டு அதன் மேல் வாட்டர்கலர் பூசுகிற வித்தையை மைனி தானாகவே படித்துக்கொண்டார்கள். காலையில் வெயில் ஏறுமுன் வயலுக்குத் தண்ணீர் போகிற சானல் கரைக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீர் வைத்துக்கொள்ள இருமல் மருந்து அளக்கிற சின்ன மூடி. நர்ஸ் புத்தி எங்கே போகும்?

வரைந்ததெல்லாம் யாரும் மதிக்காத செடிகள். தொட்டால் சுருங்குகிற தொட்டாவாடி, மூக்குத்திப்பூ, வேலியில் ஏறிய சங்குபுஷ்பம், தும்பை. மைனி பேப்பரைப் பார்த்து வரையமாட்டார்கள். கண் பூவிலேயே இருக்கும், கை பாட்டுக்கு ஓடும். கோடு ஒரு இடத்தில் கறுத்து, ஒரு இடத்தில் மெலிந்து, நடுவில் அறுந்துபோய், வேறெங்கோ மறுபடி தொடங்கும். கலரும் கோட்டுக்குள் அடங்காது. இலையின் பச்சை இலையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். தும்பை வெள்ளைப் பூ அல்லவா, அதற்குக் கலரே கிடையாது. சுற்றிலும் பச்சையைக் கலங்கலாக ஓடவிட்டு, பூ இருக்கவேண்டிய இடத்தில் பேப்பரைச் சும்மா விட்டுவிடுவார்கள். ‘இதென்ன மைனி, பாதியில விட்டுட்டியளே’ என்று கேட்டால், ‘காத்தடிக்கில்லியா மக்கா, அது ஒரு எடத்துல நின்னாத்தான வரைய முடியும்’ என்பார்கள். அப்படி வரைந்த நாட்களில்தான் மைனி மறுபடி சோறு பொங்கினார்கள், மறுபடி கோவிலுக்கு வந்தார்கள்.

நான் தாவரவியல் டீச்சர். வேலை பார்த்த காலம் முழுக்கப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டு திருத்தியே என் கை தேய்ந்தது. கோடு ஒற்றையாக இருக்கவேண்டும், எங்கும் விட்டுப்போகக் கூடாது, நிழல் தீட்டக் கூடாது. இதழ் மூடாத பூவைக் கண்டால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, திரும்ப வரைந்து கொண்டுவா என்று எழுதி அனுப்பிவிடுவேன். அழுத பிள்ளைகள் உண்டு. நான் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளராக இருந்த வருஷம், வாக்குத்தத்த அட்டையில் மைனியின் பூக்களைப் போடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். அதில் ஒரு குற்றமும் இல்லை. மைனிக்குக் கல்யாணப் பெண் மாதிரி வெட்கம். நல்லதாய்ச் சில படங்களை எடுத்து ஒரு கவரில் போட்டு என்னிடம் தந்தார்கள். அச்சகத்துக்குக் கொண்டுபோவதற்கு முந்தின சாயங்காலம் அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தேன். கை சும்மா இருக்குமா? கறுப்புப் பேனாவை எடுத்து, விட்டுப்போன கோடுகளையெல்லாம் சேர்த்தேன். திறந்து கிடந்த இதழ்களை மூடினேன். இலைக்கு நரம்பு போட்டேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது எனக்கு. மெல்லிய கோடு அச்சில் விழாது என்று அச்சகத்தில் சொன்னார்கள், அதனால்தான் செய்தேன் என்று பிறகு மைனியிடம் சொன்னேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

புத்தாண்டு காலையில் சபை முழுக்க அந்த அட்டைதான் பேச்சு. ஆளாளுக்கு மைனியின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு மைனி தன் அட்டையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். எனக்கு வந்ததைப் போலவே தும்பைதான் வந்திருந்தது. வெகுநேரம் பார்த்தார்கள்.

“நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா காத்து நின்னுபோச்சு பாத்தியா” என்றார்கள்.

நான் சிரித்தேன். வேடிக்கையாகச் சொல்லுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதாவது அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்கலாம், பாவி.

அடுத்த வாரமே மைனி பென்சிலும் ரப்பரும் வாங்கினார்கள். முதலில் பென்சிலால் போட்டு, அழித்து, திரும்பப் போட்டு, அதன் மேல் பேனா. முடித்ததும் என்னிடம் கொண்டுவந்து, ‘சரியா இருக்கா மக்கா’ என்று என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். என்னைவிட மூத்தவர்கள், எத்தனையோ பேருக்கு மருந்தும் ஊசியும் கொடுத்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளை போல நிற்பார்கள். நானும் வெட்கமில்லாமல் திருத்தினேன். இந்த இதழ் கொஞ்சம் பெரிது, இந்தக் காம்பு வளைந்திருக்கிறது. கலர் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். படம் எல்லாம் ரெக்கார்டு நோட்டுப் படம் மாதிரியே ஆனபோது ‘இப்பத்தான் சரியா வந்திருக்கு மைனி’ என்று பாராட்டவும் செய்தேன். பிறகு முக்காலியில் உட்காரத் திண்டாட்டம் என்றார்கள், முதுகு வலி என்றார்கள், கண் தெரியவில்லை என்றார்கள். பெட்டி அலமாரிக்குள் போனது. மகன் வந்து கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மைனி வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் கதவு ஜன்னலைத் திறந்து காற்றாட விடப் போனேன். அடுக்களைச் சுவரில் மைனி ஆரம்பத்தில் வரைந்த தொட்டாவாடி ஒன்று ஒட்டியிருந்தது. என் கை படாதது. பக்கத்திலேயே நான் ‘சரி’ என்று சொன்ன ஒரு தொட்டாவாடி. முதல் படத்தில் இலை இப்போதுதான் யாரோ தொட்டுவிட்டுப் போனதுபோல் சுருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மைனி வீடியோவில் கூப்பிடுவார்கள். சானலில் தண்ணீர் விட்டாச்சா, தும்பை பூத்தாச்சா என்று தவறாமல் கேட்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். படங்களில் நான் கோடு போட்டது தப்பு, அச்சகத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் கோடுதான் சரி, திரும்ப வரையுங்கள் என்று கெஞ்சினேன்.

மைனி சிரித்தார்கள். “சும்மா இரு மக்கா. பூவப் பத்தி உனக்குத் தெரியாததா? எனக்குச் சங்கடம் வரப்பிடாதுன்னு சொல்லுத. நான் ஏதோ கிறுக்கிட்டுக் கெடந்தேன். நீ திருத்தின பொறவுல்லா அது பூ மாதிரி ஆச்சு.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நான் திருத்தியதை அப்படியே நம்பியவர்கள், திருத்தியது தப்பு என்று சொன்னதை மட்டும் நம்பவில்லை. பேச்சை மாற்றி, அங்கே பனி பெய்கிறதை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள்.

இன்று காலையும் பால் எடுக்கப் போனபோது அட்டையைப் பார்த்தேன். மேல் கொத்தில், வலது ஓரத்தில், ஒரே ஒரு இதழை மட்டும் அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மைனியின் கோடு அங்கே அறுந்தபடியே நிற்கிறது. அந்த வழியாக வெள்ளை வெளியே போகிறது. அந்த ஒரு இதழ்தான் அசைகிறது. நன்றாகப் பார்ப்போம் என்று கிட்டே குனிந்தேன். குனிந்த கையோடு, என்னையறியாமல், என் விரல்கள் மேசைமேல் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தன.